கார்டு வராதவர்கள்

இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? கனமில்லை, மாத்திரைதான். இவன் ஓட்டுகிற ஓட்டத்தில் ஒரு கையால் எதையும் செய்ய முடியவில்லை. தென்காசியிலேயே மாற்றியிருக்க வேண்டும். பஸ் கிளம்பிவிடுமோ என்று ஓடி வந்து ஏறிவிட்டேன்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. இது மெடிக்கல் ஷாப் கவர், கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான் பாருங்கள். இதில் இருக்கிற மாத்திரையை எடுத்து இந்தக் காக்கி உறைக்குள் வைக்க வேண்டும். உறை பழையது. தென்காசி ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் முன்பு கொடுத்தது. மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது.

ஏன் மாற்றுகிறேன் என்று கேட்கிறீர்கள், இல்லையா? கேட்கவில்லையா? உங்கள் முகம் கேட்கிறது. சொல்கிறேன். நான் இறங்க இன்னும் நேரம் இருக்கிறது.

நான் டீச்சர். தமிழ் டீச்சர். பேச்சிலேயே தெரிந்திருக்குமே. வீட்டிலும் இப்படித்தான். "ஆவுடை, நீ சோறு போடுதியா, பாடம் நடத்துதியா?" என்று இவர் கேலி செய்வார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்தவர். சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். மாத்திரை அவருக்குத்தான். ஊசி மருந்து அடியில் இருக்கிறது, ஐஸ் சுற்றி. சாய்த்துவிடாதீர்கள்.

நீங்கள் எதுவரைக்கும்? ராஜபாளையமா. மகளைப் பார்க்கவா? ஹாஸ்டலில் என்ன படிக்கிறாள்? கணிதமா. நல்லது. பிழைத்துக்கொள்வாள்.

எனக்கு நடந்தது துரோகம். பெரிய சொல்தான். கட்டுரையில் பிள்ளைகள் இதைச் சும்மா எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். ஆனால் இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பியூலா என்று ஒருத்தி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தனியார் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இந்த பஸ்ஸிலேயே யாராவது இருப்பார்கள். நான் அங்கே சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து அவள் வந்தாள். என்னைவிடச் சின்னவள். வந்த அன்றைக்கே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க்கா, இந்த ஃபேன் நமக்கு ஓடுதா, சுவருக்கு ஓடுதா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பாடு. என் வத்தக்குழம்பு என்றால் அவளுக்கு உயிர். அவள் கொண்டுவருகிற மீன்குழம்பு வாடை எனக்கு ஆகாது. ஆனாலும், "நீ திறந்து வச்சுக்கோ, நான் இந்தப் பக்கமா மூச்சு விட்டுக்கிறேன்" என்பேன். வேறு யாருக்காவது அப்படிச் சொல்லியிருப்பேனா?

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சம்பளம் பாங்கில் விழுந்தாலும் தாளாளர் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கதவைச் சாத்திவிட வேண்டும். வேலைக்குச் சேருகிற அன்றைக்கு, என் சம்பளத்தை இன்னொரு டீச்சரிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்கென்றே மேசை டிராயரில் ஒரு சின்ன வெள்ளி விளக்கு, ஒரு பைபிள், பச்சைத் துணியில் சுற்றிய ஒரு குர்ஆன் என்று மூன்றும் வைத்திருக்கிறார். ஆளைப் பார்த்து எடுத்து வைப்பார். எனக்கு விளக்கு.

நான் சத்தியத்தை மீறவில்லை. அவளும் மீறவில்லை. நான் சொல்ல வந்தது அது இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்காருவேன். பெருமூச்சு வரும். பக்கத்தில் அவளும் பெருமூச்சு விடுவாள். "இத வச்சு என்னத்தக்கா செய்ய?" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். பாவம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவள் என்ன பாடுபடுகிறாளோ என்று எனக்கு இருக்கும். பொங்கலுக்குப் புதுப் புடவை எடுத்தால் அவளிடம் விலையைக் குறைத்துச் சொல்வேன். அவள் மனசு சங்கடப்படுமாம்! அவளுடைய சின்ன மகள் வயசுக்கு வந்தபோது, சீட்டு எடுத்த பணத்தில் வெள்ளிக் கொலுசு போட்டேன். வாங்கிக்கொண்டாள். கண் கலங்க வாங்கிக்கொண்டாள்.

போன மார்கழியில் பியூலாவுக்குப் பித்தப்பையில் கல். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஏ.சி. ரூம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்தச் செலவு? கார்டு இருக்குல்ல? ஈ.எஸ்.ஐ.ல பாத்திருந்தா ஒரு பைசா ஆகியிருக்காதே!"

எங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு என்று பிடிப்பார்கள். அந்தக் கார்டு இருந்ததால்தான் இவருடைய மருந்து மாசாமாசம் சும்மா கிடைத்தது. கடையில் வாங்குவதென்றால் என் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும்.

பியூலா சுவரைப் பார்த்தாள். "எனக்குக் கார்டு இல்லக்கா" என்றாள். அவள் வீட்டுக்காரர் இருமினார்.

"கார்டு இல்லையா? இத்தனை வருஷமா உனக்குக் கார்டே போடலையா?"

"விடுங்கக்கா. வேண்டாம்க்கா."

நான் எப்படி விடுவேன்? வாயில்லாத பிள்ளையை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் முதல் பீரியடுக்குக்கூடப் போகாமல் தாளாளர் அறைக்குள் போய் நின்றேன். கிளார்க்கும் இருந்தார். "நீங்க செய்யுறது நியாயமா சார்? கணக்கு டீச்சருக்கு ஈ.எஸ்.ஐ. போடாம விட்டுருக்கீங்களே. அந்தப் பொண்ணு கடன் வாங்கி ஆபரேஷன் பண்ணிக் கிடக்கு. தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு சார்" என்று தொடங்கி, பேச்சுப்போட்டி மாதிரிப் பேசிவிட்டேன். குரல் நடுங்கவே இல்லை.

தாளாளர் முழுவதையும் கேட்டார். சிரித்தார்.

"ஆவுடை டீச்சர், உங்களுக்கு நல்ல மனசு. ஆனா அவங்களுக்கு அந்தக் கார்டு வராது."

"ஏன் வராது?"

"அது ஒரு அளவுக்குக் கீழ சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் டீச்சர்."

கிளார்க் குனிந்து கீழே ஸ்டாப்ளரைத் தேடினார். அது மேசை மேலேயே இருந்தது.

வெளியே வந்து படியில் நின்றேன். பிள்ளைகள் "வணக்கம் தமிழம்மா" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கையைத் தூக்கி வணக்கம் சொல்ல வரவில்லை.

பியூலா திரும்பி வேலைக்கு வந்த அன்றைக்கு, டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே என் சம்பளத்தை அவளிடம் சொன்னேன். சத்தியமாவது ஒன்றாவது. அவள் தன் டப்பாவைத் தள்ளி வைத்தாள். அப்புறம், "என்னுது அதுல ரெண்டு மடங்குக்கும் மேலக்கா" என்றாள்.

"எப்போ இருந்து?"

"சேந்ததுல இருந்தேக்கா."

"அப்போ எதுக்கு என்கூடச் சேந்து பெருமூச்சு விட்டே?"

"நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான்க்கா" என்றாள். கேட்டீர்களா? நான் வருத்தப்படக் கூடாதாம். நான் புடவை விலையைக் குறைத்துச் சொன்னேனே, அந்த இரக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கே திருப்பித் தருகிறாள். சம்பளத்தை மறைத்ததைக்கூட மன்னித்துவிடுவேன் அம்மா. அந்தப் பெருமூச்சை மன்னிக்க முடியாது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு வத்தக்குழம்புதான். முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

அப்புறம் தாளாளரிடம் போய் நேரடியாகவே கேட்டேன். எனக்கும் கணக்குக்குச் சமமாக வேண்டும் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டீச்சர், அட்மிஷனுக்கு வர்ற எந்தத் தகப்பனும் தமிழ் யார் எடுக்குறான்னு கேக்குறதில்ல. கணக்கு யாரு, ஃபிஸிக்ஸ் யாருன்னுதான் கேக்குறான். டாக்டர் சீட்டுக்குத் தமிழ் மார்க் சேருமா? இன்ஜினியரிங்குக்குச் சேருமா? தமிழ் இருக்க வேண்டியதுதான். நான் வேண்டாங்கல. ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்குல்ல?"

தமிழுக்கு ஒரு அளவாம்! நானும் அதே ஐந்து நாள்தான் வருகிறேன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸும் வருகிறேன். பியூலா விடைத்தாளில் விடையைப் பார்த்தால் போதும், நான் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் ஒரு மணி நேரம் எந்தப் பாடத்தில் கழிந்தாலும் அது ஒரு மணி நேரம்தானே? இதை ஸ்டாஃப் ரூமிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இசக்கி கை தட்டினாள். இசக்கி எனக்கு அடுத்த தமிழ் டீச்சர், கீழ்வகுப்புகளுக்கு எடுப்பவள், சின்னப் பெண்.

அன்றைக்குச் சாயந்திரம் ரஹ்மத் நிஷா வந்தாள். ஓவிய டீச்சர். கையெல்லாம் எப்போதும் பெயிண்ட். நல்ல பெண், எனக்கு ரொம்பப் பிடிக்கும். "டீச்சர், நீங்க கேக்கும்போது எங்களையும் சேத்துக் கேளுங்க. எனக்கு உங்களுதுல பாதிகூட இல்ல" என்றாள்.

நான் அன்பாகத்தான் சொன்னேன். "நிஷா, இது பப்ளிக் பரீட்சை இருக்கிற பாடத்துக்கான விஷயம்மா. ஓவியத்துக்கு மார்க் ஏது, சீட்டு ஏது? யாராவது ஓவியத்துக்காகப் பிள்ளையைச் சேர்க்க வருவாங்களா? ஓவியம் இருக்கணும்தான். ஆனா எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா நம்ம கோரிக்கை நிக்காது."

"பிள்ளையோட ஒரு மணி நேரம் எதுல கழிஞ்சாலும் ஒரு மணி நேரம்னு மத்தியானம் நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் இங்கே பொருந்தாது. அது அவளுக்கு விளங்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். ஓவிய டீச்சர்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்கள், பார்த்திருக்கிறீர்களா?

மாசியில் பியூலா ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, நான் போய்ச் சொல்லட்டுமா? பரீட்சை நெருங்குது. இப்போ நான் சொன்னா கேப்பாரு."

"உன் சிபாரிசில வாழ வேண்டிய நிலைமையில நான் இல்ல. போ" என்றேன். போனாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நான்தான் திரும்பத் திரும்பப் போனேன். ஆண்டுவிழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் தாளாளரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? வென்றுவிட்டேன். ஜூன் மாதம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கணக்குக்குச் சமம் இல்லை, ஆனால் நன்றாகவே கூட்டியிருந்தார். டிராயரைத் திறந்து வெள்ளி விளக்கை எடுத்து வைத்தார். "உங்களுக்கு மட்டும்தான் டீச்சர். இசக்கிக்குத் தெரியக் கூடாது." கையை வைத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வெளியே வரும்போது கிளார்க் மெதுவாகச் சொன்னார். "பியூலா டீச்சர் உங்களுக்காக ரொம்பப் பேசினாங்க டீச்சர். தமிழம்மாவுக்குக் கூட்டித் தரேன்னு வாக்குக் குடுத்தாத்தான் ரிவிஷன் எடுப்பேன்னு மாசியில வந்து நின்னாங்க. முதலாளியும் சரின்னாரு. ரிசல்ட் வந்ததும் அவங்களை அனுப்பிட்டாரு."

ஆமாம், பியூலா இப்போது எங்கள் பள்ளியில் இல்லை. ஜூனில் வரவே இல்லை. சுரண்டைப் பக்கம் ஏதோ பள்ளியில் இருக்கிறாளாம். இன்னும் அதிகம் கொடுத்திருப்பார்கள், போயிருப்பாள். கிளார்க் சொல்வதை நான் நம்பவில்லை. அவர் பையனுக்குப் பியூலா சும்மா ட்யூஷன் எடுத்தவள், அந்த விசுவாசம் அவருக்கு. உண்மையாக இருந்தால் அவளே ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? போகிற அன்றைக்கு என் மேசையில் அந்தக் கொலுசை வைத்துவிட்டுப் போயிருந்தாள், பேப்பரில் சுற்றி. பிள்ளைக்குப் போட்டதைத் திருப்பித் தருவார்களா யாராவது? அதிலேயே தெரியவில்லையா அவள் மனசு?

ரஹ்மத் நிஷாவா? அவள் இருக்கிறாள். ஓவியம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கேயோ கூட்டினால் எங்கேயோ குறைக்கத்தானே செய்வார்கள். அதுவும் அவளுக்கு நல்லதுதான், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. என்னைக் கண்டால் பார்க்காத மாதிரிப் போகிறாள். அவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

சரி, மாத்திரைக்கு வருகிறேன்.

சம்பளம் கூடியதும் முதலில் இவரிடம்தான் சொன்னேன். இவர் அழுதுவிட்டார். அரை வருஷக் கணக்கு முடிகிறவரை பழைய கார்டு ஓடியது. ஆயுத பூஜை கழிந்து வழக்கம்போல டிஸ்பென்சரிக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இனிமே வராதும்மா, சம்பளம் தாண்டிட்டு" என்றாள். தாண்டிவிட்டதாம். கூட்டியதில் அந்தக் கோட்டை மயிரிழைதான் தாண்டியிருக்கிறேன். கிளார்க்கிடம் கேட்டேன். "உங்களுக்குப் பிடிக்கிறதும் நின்னுரும், முதலாளி தன் பங்கா கட்டுறதும் மிச்சம்லா டீச்சர்" என்றார். தாளாளர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். இப்போது கூடின சம்பளம் முழுவதும் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறது, போதாமல் கையிலிருந்தும் போகிறது. பாருங்கள், இங்கேயும் துரோகம்தான். என் ஜாதகமே இப்படி.

திருப்பிக் குறைக்கச் சொல்லலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? தமிழுக்கு இவ்வளவுதான் அளவு என்று நானே சொன்ன மாதிரி ஆகாதா?

மாத்திரையை நீங்களே உள்ளே தள்ளிவிடுங்களேன், பஸ் குலுக்குகிறது. அந்த வெள்ளை மாத்திரை அட்டையை மேலே வையுங்கள். அதுதான் டிஸ்பென்சரியில் கொடுப்பது மாதிரியே இருக்கும்.

இப்போது இசக்கி என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். பியூலா உட்கார்ந்த நாற்காலி. என் வத்தக்குழம்பு அவளுக்கும் பிடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "இத வச்சு எப்படிக்கா குடும்பம் நடத்த?" என்பாள். அவள் அம்மாவுக்கும் சர்க்கரை. மாசாமாசம் "அக்கா, டிஸ்பென்சரிக்குச் சேந்தே போவோமா? கார்டை எடுத்துட்டு வாங்க" என்பாள். நான் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு, தனியாகத் தென்காசிக்கு வந்துவிடுகிறேன். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கினால் அவள் பார்த்துவிடுவாளே. சின்னப் பெண். தெரிந்தால் வருத்தப்படுவாள்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பியூலா செய்தது வேறு அம்மா. அவள் கணக்கு டீச்சர்.

மஞ்சள் சுவர் தெரிகிறதா? அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். எழுந்திருக்க வேண்டும். அதோ நிற்கிறாள் பாருங்கள், நீலச் சுடிதார். நான் டிஸ்பென்சரிக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தேன், பை தூக்க ஒரு கை வேண்டுமே என்று பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிற்கிறாள். நல்ல பெண். இறங்கியதும், "கூட்டமாக்கா? ரொம்ப நிக்க வச்சுட்டாங்களா?" என்று கேட்பாள்.

அந்த மெடிக்கல் ஷாப் கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இறங்கினதும் எங்கேயாவது போட்டுவிடுங்கள். காக்கி உறையை இப்படிக் கொடுங்கள். இல்லை, உள்ளே வேண்டாம், பைக்கு மேலேயே தெரிகிற மாதிரி வையுங்கள்.

நான் பெருமூச்சு விட்டால் போதும். அவளும் சேர்ந்து விடுவாள்.